1–3 வயதுக் காப்பக அறைக்கு விளையாட்டுச் சாமான்: எதை, எத்தனை, எந்த அளவில்?

திருப்பூர்காரி

அனைவருக்கும் வணக்கம். பனியன் கம்பெனி ஒன்றின் காப்பகத்தில் 1 முதல் 3 வயது வரையுள்ள பிள்ளைகளுக்குத் தனி அறை ஒதுக்கியிருக்கிறார்கள். மொத்தம் 12 பிள்ளைகள். இளையதுக்கு 13 மாதம், மூத்ததுக்கு 34 மாதம். ஓர் ஆசிரியை, இரண்டு ஆயாக்கள். அறை 20-க்கு 16 அடி, மொசைக் தரை. சாமான் வாங்க ஒரு தொகையும் ஒரு கேட்டலாக்கும் கொடுத்து டிக் அடிக்கச் சொல்லியிருக்கிறார்கள். கேட்டலாக்கில் பாதி பட்டனை அமுக்கினால் பாடும் பொம்மைகள். மீதி 60, 80 துண்டுகள் கொண்ட 'கற்றல் கிட்'.

இந்த வயதுக்கு உண்மையில் எது உபயோகம்? 12 பேருக்கு எதை எத்தனை வாங்குவது? எல்லாவற்றையும் வாயில் வைப்பார்கள் என்பதால் எந்த அளவுக்குக் கீழே வாங்கவே கூடாது? தெரிந்தவர்கள் விவரமாகச் சொல்லுங்கள்.

குட்டிவகுப்பு

கேட்டலாக்கை மூடி வைத்துவிட்டு, பிள்ளைகள் என்ன செய்கிறார்கள் என்று இரண்டு நாள் பாருங்கள் மேடம். ஒன்றரை வயசுப் பிள்ளைக்கு நாள் முழுக்க ஏழெட்டு வேலைதான்: போடுவது, எடுப்பது, நிரப்புவது, கொட்டுவது, ஓரிடத்திலிருந்து இன்னோரிடத்துக்குச் சுமப்பது, தள்ளுவது, எறிவது, மூடித் திறப்பது. இந்த வேலைகளுக்கு இடம் கொடுக்கிற சாமானை வாங்கினால் அது தினமும் கையில் இருக்கும். 'எண் கற்பிக்கும்', 'நிறம் கற்பிக்கும்' என்று அட்டையில் எழுதியிருப்பதைப் பார்த்து வாங்கினால் நான்காவது நாள் அலமாரியில் தூங்கும்.

அடுத்தது எண்ணிக்கை. பெரும்பாலான காப்பகங்கள் தவறுவது இங்கேதான். வகை அதிகம், ஒவ்வொன்றிலும் ஒன்றே ஒன்று. இந்த வயதில் பகிர்ந்து விளையாட வராது. பக்கத்துப் பிள்ளை கையில் இருப்பதுதான் வேண்டும். அதனால் வகையைப் பாதியாக்குங்கள், ஒரே மாதிரி 3, 4 வாங்குங்கள். நான்கு விதமான லாரி வாங்குவதைவிட ஒரே நிறத்தில் ஒரே மாதிரி நான்கு லாரி நல்லது. நிறம் மாறினால்கூட 'அந்தச் சிவப்பு' என்று அடிதடி வரும். கடியும் கீறலும் அதிகமாக இருக்கிற அறையில் முதலில் எண்ண வேண்டியது சாமானைத்தான். பிள்ளைகளைக் குறை சொல்வது அப்புறம்.

வெளியில் ஒரே நேரத்தில் எவ்வளவு வைப்பது என்பதற்கு அமெரிக்காவில் டோலிடோ பல்கலைக்கழகத்தினர் 2018-ல் வெளியிட்ட ஆய்வு ஒன்று உண்டு. 18 முதல் 30 மாதம் வரையான 36 பிள்ளைகளுக்கு ஒரு முறை 4 பொம்மையும் இன்னொரு முறை 16 பொம்மையும் கொடுத்துப் பார்த்தார்கள். நான்கு இருந்தபோது ஒவ்வொன்றோடும் அதிக நேரம் இருந்தார்கள், ஒரே பொம்மையை வைத்து அதிக விதமாகவும் விளையாடினார்கள். ஒவ்வொரு பிள்ளையையும் தனியாக வைத்துப் பார்த்தது அது. 12 பேருக்கு நாலே பொம்மை என்று எடுத்துக்கொள்ள வேண்டாம். ஆனால் பெரிய டப்பில் கொட்டி வைக்கிற பழக்கத்தை விட அது ஒன்றே போதும். டப்பில் அடியில் கிடப்பது கண்ணில் படாது. பிள்ளை டப்பைக் கவிழ்க்கும், மேலே ஏறி நிற்கும், போய்விடும்.

நர்ஸ்_சேலம்

வாங்கும் முன் அளவு. சர்வதேசத் தரத்தில் சின்னத் துண்டுகளுக்கு ஓர் உருளை வைத்துச் சோதிப்பார்கள். விட்டம் 31.7 மி.மீ., சரிந்த அடி, ஆழம் 25.4-லிருந்து 57.1 மி.மீ. வரை. எந்தப் பக்கம் திருப்பியாவது முழுசாக அதற்குள் அடங்கும் எதுவும் 3 வயதுக்குக் கீழ் ஆகாது.

இதை வாங்கத் தேவையில்லை. ஹார்டுவேர் கடையில் ஒன்றேகால் இஞ்ச், அதாவது 40 மி.மீ. பி.வி.சி. பைப்பில் 6 செ.மீ. துண்டு வெட்டிக்கொள்ளுங்கள். உள் அளவு ஏறக்குறைய 36 மி.மீ. வரும். தரத்தைவிடக் கொஞ்சம் அகலம் என்பதால் சோதனை இன்னும் கடுமையாகும், அது நமக்கு நல்லதுதான். ஒரு முனையை அட்டை வைத்து அடைத்து, சாமானையும் அதிலிருந்து கழன்று வரக்கூடிய ஒவ்வொரு பாகத்தையும் போட்டுப் பாருங்கள். அமுக்காமல் போட வேண்டும். உள்ளே மறைந்தால் தள்ளுபடி.

உருண்டைக்குக் கணக்கு வேறு. பந்து, மணி, உருண்டைக் காய் எல்லாம் 44.5 மி.மீ.க்கு மேல் இருக்கணும். உருண்டையானது தொண்டையில் கச்சிதமாக உட்கார்ந்து மூச்சை முழுசாக அடைக்கும். வகுப்புக்கு வாங்கும்போது 6 செ.மீ.க்குக் கீழே பந்தே வேண்டாம் என்று வைத்துக்கொள்ளுங்கள், தொந்தரவே இல்லை.

அளவு சரியாக இருந்தாலும் உள்ளே வரக்கூடாதவை:

பட்டன் பேட்டரி உள்ள எதுவும். விழுங்கினால் உணவுக்குழாயில் சிக்கி 2 மணி நேரத்திலேயே ஆழமான புண் உண்டாக்கும். மற்றப் பேட்டரிப் பொம்மையிலும் மூடி ஸ்க்ரூ போட்டு இறுக்கியதாக இல்லாவிட்டால் தொடவே வேண்டாம். பாடும் வாழ்த்து அட்டை, விளக்கு மின்னும் மோதிரம் எல்லாம் பிறந்தநாள் பையில்தான் அறைக்குள் வரும்; அந்தப் பையைப் பிரிக்காமல் வீட்டுக்கு அனுப்புங்கள்.

காந்தம். இரண்டை விழுங்கினால் குடலின் இரு மடிப்புகளுக்கு நடுவில் ஒன்றையொன்று பிடித்துக்கொண்டு ஓட்டை போட்டுவிடும். காந்தத் துண்டுகளை ஒட்டி வீடு கட்டும் செட் கேட்டலாக்கில் இருக்கும், அடித்துவிடுங்கள்.

பலூன். ஊதியதும் ஆகாது, உடைந்த துண்டும் ஆகாது.

தண்ணீரில் ஊறிப் பெரிதாகும் ஜெல் உருண்டை. பூச்சாடி அலங்காரத்துக்கு விற்பது. உள்ளே போய் ஊறிக் குடலை அடைக்கும்.

விதைகள். புளியங்கொட்டை, கொண்டைக்கடலை, பட்டாணி இந்த அறைக்கே வேண்டாம். மூக்கில் திணித்தால் ஈரத்தில் ஊதி, எடுக்க ஆஸ்பத்திரிக்குத்தான் போகணும். குன்றிமணி கோத்த கைவினைச் சாமான் அழகாக இருக்கும், ஆனால் அந்த விதை கொடிய விஷம். கடித்து ஓடு உடைந்தால் ஆபத்து. பனை ஓலைக் கிலுகிலுப்பையும் அப்படியே யோசித்து வாங்கணும். உள்ளே கல்லோ விதையோ போட்டிருப்பார்கள். ஓலை காய்ந்து கீறினால் அது வெளியே வரும். வீட்டில் ஒரு வயசுக் குழந்தையை மடியில் வைத்துக்கொண்டு அம்மா கிலுகிலுப்பையை ஆட்டிக் காட்டலாம், 12 பேர் கடிக்கிற அறைக்குச் சரிவராது.

திருப்பூர்காரி

பைப் யோசனைக்கு நன்றி. இன்றைக்கே வெட்டச் சொல்கிறேன். ஐ.எஸ்.ஐ. முத்திரை இருந்தால் இந்தச் சோதனை எல்லாம் முடிந்தது என்று எடுத்துக்கொள்ளலாமா? இன்னொன்று, நிர்வாகத்தில் மரப் பொம்மை வாங்கினால் நல்லது என்கிறார்கள். சன்னபட்னா, அம்பாசமுத்திரம் சொப்பு எல்லாம் பேச்சில் இருக்கிறது.

பயிற்சி_அக்கா

முத்திரை அவசியம், ஆனால் அதோடு வேலை முடியாது. பொம்மைத் தரக் கட்டுப்பாட்டு ஆணை 2020-ல் வந்தது, 2021 ஜனவரி 1 முதல் நடைமுறையில் இருக்கிறது. 14 வயதுக்குக் கீழ் உள்ளவர்களுக்கான பொம்மைகளுக்கு ஐ.எஸ்.ஐ. முத்திரை கட்டாயம். சாதாரணப் பொம்மைக்கு ஐ.எஸ். 9873, மின்சாரத்தில் இயங்குவதற்கு ஐ.எஸ். 15644. முத்திரைக்குக் கீழே சி.எம்./எல். என்று தொடங்கும் உரிம எண் இருக்கும். முத்திரை தரும் இந்தியத் தர நிர்ணய அமைப்பின் பி.ஐ.எஸ். கேர் செயலியில் அந்த எண்ணைப் போட்டால் யார் பெயரில் உரிமம், எந்தப் பொருளுக்கு என்று காட்டும். மொத்தமாக வாங்குவதற்கு முன் ஒரு பெட்டியை வைத்து இதைப் பாருங்கள்.

ஆனால் முத்திரை உள்ள பொம்மை 8 வயதுக்கானதாகவும் இருக்கலாம். அதனால் வயதுக் குறியைத் தனியாகத் தேடணும். வட்டத்துக்குள் ஒரு முகம், 0-3 என்று எழுதிக் குறுக்கே கோடு போட்டிருந்தால் உங்கள் அறைக்கு ஆகாது. கேட்டலாக் படத்தில் அந்தக் குறி தெரியாது, பெட்டியில்தான் தெரியும்.

கைவினைஞர்களுக்கு விலக்கு உண்டு. கைவினைப் பொருள் வளர்ச்சி ஆணையரிடம் பதிவு செய்த கைவினைஞர் செய்வதற்கும், புவிசார் குறியீடு பெற்ற பொம்மையை அதற்கான பதிவு உள்ளவர் செய்வதற்கும் முத்திரை தேவையில்லை. அதனால் அந்தச் சாமான்களை நீங்களேதான் சோதிக்கணும். சன்னபட்னா பொம்மை வெட்பாலை மரத்தைக் கடைந்து அரக்கு ஏற்றுவது; மழமழவென்று இருக்கும், கைக்கு இதம். பெரிய வளையம், தள்ளு வண்டி, அடுக்கு எல்லாம் தாராளமாக வாங்கலாம். ஒட்டிய முளை, சின்னச் சக்கரம், மணி இருந்தால் பைப்பில் போட்டுப் பாருங்கள். சொப்பு சாமானில் இரண்டரை வயசுக்காரர்களுக்கு ஏற்ற பெரிய அளவு செட் கேட்டு வாங்கணும். கடையில் கிடைக்கும் குட்டிச் செட்டில் கரண்டியும் மூடியும் பைப்புக்குள் போய்விடும். தஞ்சாவூர்த் தலையாட்டி பொம்மை கண்ணுக்குத்தான், அதன் பூச்சு வாய்க்குப் போகக்கூடாது.

பழைய பெயிண்ட் அடித்த சாமானை யாராவது நன்கொடையாகத் தந்தால் வாங்காதீர்கள். வீட்டுப் பெயிண்டில் ஈயத்தை 90 பி.பி.எம்.க்குள் (பத்து லட்சத்தில் 90 பங்கு) வைக்கச் சொல்லும் விதி 2017 நவம்பரிலிருந்துதான் அமலில் இருக்கிறது. அதற்கு முந்தைய பெயிண்டில் எவ்வளவு இருக்கும் என்று பார்த்துச் சொல்ல முடியாது.

மரவேலை

கட்டைகளைப் பற்றிச் சொல்கிறேன். கேட்டலாக்கில் வருவது 2, 3 செ.மீ. வண்ணக் கட்டை. அது இந்த வயசுக்கு ரொம்பச் சின்னது. கையில் சரியாகப் பிடிபடாது, அடுக்கினால் நிற்காது, 2 செ.மீ. கட்டை பைப்புக்குள்ளும் போகும். யூனிட் கட்டை என்று பல நாடுகளில் நூறு வருஷத்துக்கு மேலாக நர்சரிகளில் இருக்கும் அளவு ஏறக்குறைய 14 × 7 × 3.5 செ.மீ. இரண்டு அகலம் ஒரு நீளம், இரண்டு கனம் ஒரு அகலம். அந்தக் கணக்கு இருப்பதால்தான் எப்படி வைத்தாலும் மட்டமாக வரும்.

உங்கள் ஊர் ஆசாரியிடமே செய்யலாம். காய்ந்த பலா நல்லது. பிளைவுட், எம்.டி.எஃப். (மரத்தூளை அழுத்திச் செய்த பலகை) வேண்டாம். ஓரம் பிய்ந்து சிலாம்பு வரும், எச்சில் பட்டால் ஊதும். முழுக் கட்டை ஒன்று 200 கிராமுக்கு மேல் வரும். அதை எறிந்தால் பக்கத்துப் பிள்ளைக்கு மண்டை வீங்கும். அதனால் பாதிக் கட்டைதான் உங்களுக்கு முக்கியம்: 7 × 7 × 3.5, சுமார் 100 கிராம். பாதிக் கட்டை 60, முழுக் கட்டை 20 போதும். இரண்டு வயசு தாண்டியவர்கள் இருக்கும்போது மட்டும் முழுக் கட்டையை வெளியே எடுங்கள்.

மரக் கணக்கு: 80 கட்டைக்கும் நிகரமாக 0.6 கன அடி. வாள் கழிவு, இழைப்பு எல்லாம் சேர்த்து ஒரு கன அடி மரம் சொல்லுங்கள். 35 மி.மீ. நிகரக் கனம் வர 42 மி.மீ.யில் அறுத்துக்கொள்ளணும். ஆசாரிகள் தவறுவது இரண்டு இடத்தில். ஒன்று, ஒவ்வொரு கட்டையாக அளந்து அறுப்பது, அரை மி.மீ. மாறினாலும் நாலாவது அடுக்கில் சாயும். ஸ்டாப்பர் வைத்து ஒரே செட்டிங்கில் 80-ஐயும் அறுக்கச் சொல்லுங்கள். இரண்டு, முனையை அதிகமாக உருட்டிவிடுவது. 2 முதல் 3 மி.மீ. ஓரம் எடுத்தால் போதும். அதற்கு மேல் உருட்டினால் உட்காரும் பரப்பு குறைந்து கட்டை வழுக்கும். 120-ம் நம்பர் உப்புத்தாள், அப்புறம் 220. ஈரத்துணியால் துடைத்து, நார் எழும்பியதும் இன்னொரு தடவை 220. வார்னிஷ், பெயிண்ட் எதுவும் வேண்டாம்.

நடைவண்டி கேட்பீர்கள் என்று தெரியும். வாங்குங்கள், ரொம்ப நல்ல சாமான். உட்கார வைத்து உருளும் வாக்கர் வேறு, அதை வாங்கவே கூடாது. கனடாவில் 2004-லிருந்து விற்பனைக்கே தடை. நம் மூன்று சக்கர நடைவண்டியில் மொசைக் தரையில் வரும் கோளாறு என்னவென்றால், பிள்ளை எழும்போது கைப்பிடியை இழுக்கும், வண்டி பின்னால் சாயும் அல்லது முன்னால் ஓடும். முன் சக்கரத்துக்குப் பக்கத்தில் தாழ்வாக ஒன்றரைக் கிலோ மணல் தைத்த துணிப் பையைக் கட்டுங்கள். சக்கரத்தைச் சுற்றிப் பழைய சைக்கிள் டியூபை வெட்டி ஒட்டுங்கள். ஓட்டமும் குறையும், சத்தமும் குறையும். 12 பேரில் புதிதாக நடப்பவர் எத்தனை பேரோ அவர்களுக்கு மட்டும் கணக்குப் பண்ணி, இரண்டு வண்டி.

திருப்பூர்காரி

ஒரு கன அடி என்று சொன்னதால் ஆசாரியிடம் பேச எளிதாக இருக்கும் சார். பாடும் பொம்மை விஷயத்தில்தான் நிர்வாகம் விடமாட்டேன் என்கிறது. பெற்றோர் வந்து பார்க்கும்போது 'பிள்ளை என்ன கற்றுக்கொள்கிறது' என்று கேட்டால் காட்ட ஏதாவது வேண்டுமாம். நிறம், எண், எழுத்து.

வேலைவழி

நான் கொஞ்சம் மாற்றுக் கருத்து. எல்லாப் பாடும் பொம்மையையும் ஒதுக்க வேண்டாம். அமுக்கினால் ஏதோ நடக்கிறது என்று தெரிந்துகொள்வது 13, 14 மாதப் பிள்ளைக்கு நல்ல விஷயம். விரலில் பலம் குறைவாக உள்ள பிள்ளைக்கும் பட்டன் பொம்மை கை கொடுக்கும். ஒன்றிரண்டு இருக்கட்டும்.

குட்டிவகுப்பு

அமுக்கினால் நடக்கிறது என்பதற்கு டார்ச் லைட்டும் மேசை மணியும் போதுமே. பேட்டரிப் பொம்மையில் என் மறுப்பு பேச்சைப் பற்றியது. அமெரிக்காவில் 2016-ல் வெளியான ஓர் ஆய்வில் 10 முதல் 16 மாதம் வரையான 26 பிள்ளைகளும் அவர்களின் பெற்றோரும் வீட்டில் விளையாடுவதைப் பதிவு செய்தார்கள். மின் பொம்மை இருந்தபோது பெரியவர்கள் பேசியது குறைந்தது, பிள்ளையின் குரலும் குறைந்தது. புத்தகம் இருந்தபோது பேச்சு அதிகம். காரணம் எளிது: பொம்மை பேசும்போது ஆயா வாயை மூடிக்கொள்கிறார். 12 பிள்ளைகளுக்கு மூன்று பெரியவர்கள் இருக்கும் அறையில் ஒவ்வொரு பிள்ளைக்கும் காதில் விழும் பேச்சு ஏற்கனவே குறைவு. அதிலும் பங்கு கேட்கிற சாமான் வேண்டாம். உங்கள் கட்டாயத்துக்கு ஒன்று வாங்கினால் அதில் ஒலியைக் குறைக்கும் சுவிட்ச் இருக்கட்டும்.

பெற்றோருக்குக் காட்ட வேண்டியதற்கு வழி இருக்கிறது. கட்டை அடுக்கும்போது, டப்பாவில் மூடி போடும்போது படம் எடுத்து, கீழே ஒரு வரி எழுதி வாசலில் ஒட்டுங்கள். 'மூடியின் அளவையும் துளையின் அளவையும் ஒப்பிடுகிறான்' என்று இருந்தால் போதும். பெற்றோருக்கு அது புரிகிறது. பாவம், அவர்களும் யாரும் சொல்லாததால்தான் ஏ பி சி டி கேட்கிறார்கள்.

வடிவம் போடும் பெட்டியையும் சொல்லணும். 8, 10 துளை உள்ளதை வாங்கி ஒன்றரை வயசுக்காரரிடம் கொடுத்தால் மூன்று தடவை தட்டிப் பார்த்துவிட்டு மூடியைப் பிய்த்து எல்லாவற்றையும் உள்ளே கொட்டும். எல்லாத் துளையையும் அகல டேப்பால் அடைத்து, வட்டத்தை மட்டும் திறந்துவிடுங்கள். வட்டம் எப்படித் திருப்பினாலும் போகும். அது பழகிய பின் சதுரம். முக்கோணம் கடைசி, ஏனென்றால் கையைச் சரியான கோணத்தில் திருப்ப வேண்டும். அதற்கும் முந்தைய படி, வீட்டிலேயே செய்வது: 2 லிட்டர் பிளாஸ்டிக் டப்பா மூடியில் 8 செ.மீ. வட்டம் வெட்டி, உள்ளே போட 6, 7 செ.மீ. மூடிகள் 15. பால்பவுடர் தகர டப்பா எடுக்காதீர்கள், உள் விளிம்பு கையை அறுக்கும்.

வேலைவழி

துளையை அடைக்கும் யோசனை சரிதான், ஏற்றுக்கொள்கிறேன். பசிலுக்கும் அதே முறை. மூன்று, நான்கு துண்டு, ஒவ்வொன்றிலும் கெட்டியான முளை. முளை ஒட்டியதாக இருந்தால் இரண்டு மாதத்தில் கழன்றுவரும். அடியிலிருந்து ஸ்க்ரூ போட்டதா என்று திருப்பிப் பாருங்கள்.

கிரேயான் கெட்டியானதும் குட்டையானதுமாக வாங்குங்கள். நீளக் கிரேயானை முஷ்டியில் பிடித்துத் தோளால் எழுதுவார்கள். 3, 4 செ.மீ. துண்டாக இருந்தால் விரல் நுனிக்கு வேலை வரும். ஆனால் அந்தத் துண்டு பைப்புக்குள் போகும். ஆகவே பெரியவர் ஒருவர் பக்கத்தில் உட்கார்ந்திருக்கும்போது மட்டும் கொடுத்து, எண்ணித் திருப்பி வாங்கணும். அது முடியாத நாளில் கெட்டி நீளக் கிரேயானே போதும். ஸ்கெட்ச் பேனா மூடிகளுக்காகவே வேண்டாம்.

தரை விரிப்பு வாங்கும்போது எழுத்து, எண் வெட்டி எடுத்துப் பொருத்தும் ஃபோம் மேட் வாங்காதீர்கள். 'ஓ'வின் நடுத்துண்டைக் கடித்துப் பிய்ப்பார்கள். வெட்டு இல்லாத மேட் கேளுங்கள்.

பயிற்சி_அக்கா

எல்லாவற்றையும் வாங்கவும் வேண்டாம். பிரிட்டனில் சிறுகுழந்தைக் கல்வியில் பெயர்பெற்ற எலினார் கோல்ட்ஷ்மீட் வகுத்த முறை ஒன்று உண்டு. 1–2 வயதுக்காரர்களுக்கு, விளையாட்டுச் சாமான் அல்லாத பொருட்களை வகைவகையாக நிறையச் சேர்த்து, நிரப்பிக் கொட்ட டப்பாக்களோடு கொடுப்பது. அவர் சொல்வது 15 வகை. நமக்கு 9 வகையில் ஆரம்பித்தாலும் நடக்கும். நம் வீட்டுப் பொருளிலேயே வரும்:

எவர்சில்வர் டம்ளர் 10, அகலக் கிண்ணம் 6, கொட்டாங்குச்சி 20, மர வளையல் 20, பெரிய பாட்டில் மூடி 30, நூல்கண்டுக் கூம்பு 20, தட்டையான மரக்கரண்டி 8, ஒரு சாண் சதுரத் துணித்துண்டு 20, மூங்கில் வளையம் 12. டப்பா பிள்ளைக்கு ஒன்று.

கொட்டாங்குச்சியை 80-ம் நம்பர் தாளில் விளிம்பு தேய்த்து, பிறகு 120, கடைசியில் கொதிநீரில் 10 நிமிடம். நார் ஒட்டியிருந்தால் வாயில் போகும், சுரண்டிவிடுங்கள். கண்ணாடி வளையல் கூடாது. நீங்கள் பனியன் கம்பெனி என்பதால் கூம்பு எத்தனை வேண்டுமானாலும் கிடைக்கும். பிளாஸ்டிக் கூம்பு எடுங்கள், அட்டைக் கூம்பு எச்சிலில் கரையும். நுனித்துளையில் நூல் சுற்றியிருக்கிறதா என்று ஒவ்வொன்றாகப் பாருங்கள், விரலில் சுற்றிக்கொள்ளும்.

நடத்தும் முறை: மற்றச் சாமானை எல்லாம் எடுத்துவிட்டு, 6 பிள்ளைகள் மட்டும், குவியல் குவியலாகத் தரையில். 30, 40 நிமிடம். பெரியவர் ஓரமாக உட்கார்ந்து பார்ப்பார். செய்து காட்டுவதோ, 'அப்படி இல்ல, இப்படி' என்று சொல்வதோ இல்லை. கடைசிப் பத்து நிமிடம் பிள்ளைகளோடு சேர்ந்தே பைகளில் வகை பிரித்துப் போட வேண்டும். வகைப்படுத்தல் அங்கேதான் நடக்கிறது. ஆயாக்கள் அவசரத்தில் தாங்களே அள்ளிப் போட்டுவிட்டால் பாதிப் பயன் போச்சு. இந்தப் பத்து நிமிடத்துக்காக ஆயாக்களிடம் கெஞ்சவும் தயங்காதீர்கள்.

திருப்பூர்காரி

கூம்பு யோசனை பிரமாதம் அக்கா. மணல், தண்ணீர், மாவு எல்லாம் வைக்கலாமா? வண்ண அரிசியை ஒரு ட்ரேயில் கொட்டி வைப்பதை வீடியோக்களில் பார்க்கிறோம்.

நர்ஸ்_சேலம்

அரிசியும் மூக்குக்குள் போகும், இரண்டு வயசுக்குக் கீழே வேண்டாம். தரையில் சிந்தினால் மொசைக்கில் வழுக்கும் என்பது இன்னொன்று. சாப்பிடும் பொருளை விளையாட்டுக்குக் கொட்டுவது சில குடும்பங்களுக்கு மனவருத்தமாகவும் இருக்கும்.

தண்ணீர் தாராளமாக வையுங்கள். அகல பேசினில் 5 செ.மீ. ஆழம், அதற்கு மேல் வேண்டாம். சொம்பு, புனல், வடிகட்டி, ஒவ்வொன்றும் மூன்று. பெரியவர் கைக்கெட்டும் தூரத்தை விட்டு நகரக்கூடாது, முடிந்த நிமிடமே கொட்டிவிடணும். பேசின் தண்ணீரிலும் குழந்தை மூழ்கும். அடியில் பழைய பெட்ஷீட் விரித்தால் வழுக்காது.

வேலைவழி

மாவு என்றால் சப்பாத்தி மாவு போதும். கோதுமை மாவு 2 கப், தண்ணீர் முக்கால் கப், எண்ணெய் 2 ஸ்பூன். நிறத்துக்கு மஞ்சள் அல்லது பீட்ரூட் சாறு. நெட்டில் உள்ள செய்முறைகளில் கெட்டுப்போகாமல் இருக்க அரைக் கப், ஒரு கப் உப்பு போடுவார்கள். இந்த வயசில் மாவைத் தின்பார்கள், அவ்வளவு உப்பு உடம்புக்கு ஆபத்து. உப்பில்லாத மாவு நம் வெயிலில் மாலைக்குள் புளிக்கும், அன்றன்றே கொட்டிவிடுங்கள். கோதுமை ஒத்துக்கொள்ளாத பிள்ளை இருந்தால் எல்லாருக்குமே கொழுக்கட்டைக்குப் பிசைவதுபோல வெந்நீரில் அரிசி மாவு. கை சூடு பொறுக்கும் வரை ஆறவிட்டுத்தான் கொடுக்கணும். பிள்ளை ஒன்றுக்கு ஓர் எலுமிச்சை அளவு இல்லை, ஒரு கைப்பிடி முழுக்க வேண்டும். சின்ன உருண்டை கொடுத்தால் வாய்க்குத்தான் போகும்.

மணல் வெளியில் நிழலில் வையுங்கள். சலித்த ஆற்று மணல், இரவில் மூடி. மூடாவிட்டால் பூனை வரும்.

நர்ஸ்_சேலம்

சுத்தம் செய்வது பற்றி யாரும் எழுதவில்லை. சாமான் வாங்கும்போதே 'இதை எப்படிக் கழுவுவது' என்று கேட்டால் பாதிச் சாமான் தானாகவே கழியும்.

அறையில் எட்டாத உயரத்தில் ஒரு வாளி. எது வாய்க்குப் போய் வந்ததோ அது அடுத்த பிள்ளை எடுக்கும் முன் அந்த வாளிக்குப் போகணும். மாலையில் சோப்புத் தண்ணீரில் தேய்த்து, அலசி, அப்புறம் கிருமிநாசினி. 5 சதவீத சோடியம் ஹைப்போகுளோரைட் என்றால் 1 லிட்டர் தண்ணீருக்கு 4 மி.லி.; 200 பி.பி.எம். வரும். 2 நிமிடம் ஊறி, எடுத்துக் காற்றில் காயட்டும். சோப்புத் தேய்க்காமல் நேரே மருந்தில் போட்டால் எச்சில் படலத்தை அது தாண்டாது. தினமும் புதிதாகக் கலக்கணும். பாட்டிலில் உள்ள சதவீதத்தைப் பார்த்துக் கணக்குப் போடுங்கள், 10 சதவீதமும் விற்கிறது. கழிவறை கழுவும் ஆசிடோடு சேரவே கூடாது, விஷ வாயு வரும்.

அமுக்கினால் தண்ணீர் பீச்சும் ரப்பர் வாத்தை வாங்க வேண்டாம். துளை வழியே தண்ணீர் போய் உள்ளே கறுப்பாகப் பூஞ்சை பிடிக்கும், வெளியில் தெரியாது.

மரவேலை

இதில் ஒன்று சேர்க்கணும். அரக்குப் பொம்மையைக் கொதிநீரில் போட்டால் அரக்கு இளகும். ஸ்பிரிட் சானிடைசர் போட்டால் அரக்கு கரைந்து பிசுபிசுக்கும். மிதமான சோப்பு நனைத்த துணியால் துடைத்து உடனே உலர்த்துவதுதான் வழி. பெயிண்ட் இல்லாத கட்டையையும் ஊறவைக்கக் கூடாது, வெடிக்கும். துடைத்து நிழலில் காய வையுங்கள்.

திருப்பூர்காரி

எல்லாவற்றையும் சேர்த்து ஒரு பட்டியல் போட்டிருக்கிறேன், சரிபாருங்கள். கட்டை 80; ஒரே மாதிரி லாரி 4; நடைவண்டி 2; 18 செ.மீ. பந்து 4, 7 செ.மீ. பந்து 8, துணிப் பொம்மை 4, தொட்டில் துணி 4, பெரிய சொப்பு ஒரே செட் 3, கெட்டி அட்டைப் புத்தகம் 20, பசில் 4, மூடி போடும் டப்பா 4, கொட்டாங்குச்சி, கூம்பு வகையறா, தண்ணீர்ச் சாமான். பாடும் பொம்மை ஒன்று. மொத்தத்தையும் முதல் நாளே வெளியே வைப்பதா?

குட்டிவகுப்பு

பட்டியல் நன்றாக இருக்கிறது. புத்தகத்தில் 20-ம் வேறு வேறாக வேண்டாம், 8 தலைப்பில் இரண்டு மூன்று பிரதி. அட்டை மூலை கடிபட்டுக் கூழானதும் எடுத்துவிடணும். பிள்ளைகளின் சொந்தப் படம் வைத்து லேமினேட் செய்யும் புத்தகம் இந்த வயசுக்கு உயிர். லேமினேஷன் மூலையைக் கட்டாயம் வட்டமாக வெட்டுங்கள், கண்ணில் குத்தும். இரும்பு வளையம் போடாமல் கெட்டி நூலால் தையுங்கள். துணிப் பொம்மையின் கண் பட்டனாக இல்லாமல் தையலாக இருக்கட்டும், நிறமும் நம் பிள்ளைகளின் நிறமாக இருக்கட்டும். வெள்ளைப் பொம்மை மட்டும் கிடைக்கிற ஊரில், பனியன் துணி கையில் இருக்கிற உங்களுக்கு அது ஒரு பிற்பகல் வேலை.

முதல் வாரம் கட்டை, பந்து, மூடி டப்பா, புத்தகம், துணிப் பொம்மை மட்டும். இரண்டு வாரத்துக்கு ஒரு முறை மூன்றில் ஒரு பங்கை மாற்றுங்கள். எல்லாவற்றையும் ஒரே நாளில் மாற்றினால் பிள்ளைகள் கலங்கிப்போவார்கள். ஒரு பிள்ளை தினமும் தேடி எடுக்கும் சாமானை அட்டவணைப்படி உள்ளே வைக்காதீர்கள். தொடாமல் கிடப்பது இருந்தால் அது பிடிக்கவில்லை என்று முடிவு செய்யும் முன் இடத்தை மாற்றிப் பாருங்கள். லாரி கட்டைக்குப் பக்கத்தில் வந்தால் சுமக்க ஏதாவது இருக்கும், உடனே ஓடும்.

கயிறு கட்டி இழுக்கும் வண்டி சேர்ப்பதாக இருந்தால் கயிறு 22 செ.மீ.க்குள். நீளக் கயிறு கழுத்தைச் சுற்றும்.

திருப்பூர்காரி

கடைசியாக அலமாரி. கம்பெனியில் 5 அடி உயர இரும்பு அலமாரி ஒன்று சும்மா கிடக்கிறது. அதையே வைக்கலாமா?

மரவேலை

வேண்டாம் மேடம். கீழ்த் தட்டில் கால் வைத்து ஏறுவார்கள், அலமாரியே மேலே விழும். 60 செ.மீ. உயரம், 30 செ.மீ. ஆழம், இரண்டு தட்டு, பின்பலகை உள்ளதாகச் செய்யச் சொல்லுங்கள். 120 செ.மீ. நீளத்தில் இரண்டு போதும். ஒவ்வொன்றையும் மேல் விளிம்பில் இரண்டு எல்-கிளாம்ப் வைத்துச் சுவரில் இறுக்கணும். செங்கல் சுவர் என்றால் 8 மி.மீ. ஃபிஷர் பிளக், 50 மி.மீ. ஸ்க்ரூ. பூச்சில் மட்டும் பிடித்தால் ஒரு மாதத்தில் பிடுங்கிக்கொண்டு வரும், துளை செங்கலுக்குள் போகிறதா என்று பாருங்கள். இறுக்கிய பிறகு நீங்களே மேல் தட்டைப் பிடித்து உங்கள் பலம் முழுக்கப் போட்டு முன்னால் இழுத்துப் பாருங்கள். அசைந்தால் பிள்ளைகளை உள்ளே விடாதீர்கள்.